வாந்தி மாத்திரையும் நமது ஜாக்கிரதையும்

(திருப்பதியில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நமது காரியதரிசி போன் செய்து, "ஸார், நம் அங்கத்தினர்களுக்கு உபயோகமாக ஏதாவது அரை மணி நேரம் பேச வேண்டும்" என்றார். நான் கருவூலத்துறையில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து 2007-ல் ஓய்வு பெற்றவன். ஆகையால் பென்ஷன், லைஃப் சர்டிபிகேட் பற்றித்தான் பேசுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் எடுத்துக் கொண்டது வாந்தி மாத்திரை. "இது என்ன ஸார் தலைப்பு?" என்று சிரித்தார். நம் வீடுகளில் ஒவ்வொரு அலமாரியிலும், ஒவ்வொரு பிரயாணப் பையிலும் இருக்கும் சாமான் இது. இதனால் என் குடும்பத்திலேயே இரண்டு முறை அவஸ்தைப்பட்டோம். இரண்டு முறையும் தப்பு செய்தவன் நான்தான். அதனால்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லி விடுகிறேன். நான் வைத்தியன் அல்ல. இதே திருப்பதியில் 1969-ல் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்து முடித்தவன், அவ்வளவுதான். படித்ததையும், வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதையும் சொல்கிறேன். யாருக்கு எந்த மருந்து, எத்தனை என்பதை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

முதல் சம்பவம் 2012-ல் நடந்தது. பெங்களூரிலிருந்து என் பெண்ணும் மாப்பிள்ளையும் குழந்தைகளோடு சித்தூர் வந்திருந்தார்கள். பேரனுக்குத் திருமலையில் முடியிறக்குவதாகப் பிரார்த்தனை. சம்பந்தி மாமியும் கூட வந்திருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் பேத்திக்கு, அப்போது அவளுக்கு ஐந்து வயசு, வாந்தியும் பேதியும் ஆரம்பித்து விட்டது. "நாளைக்கு மலைக்குப் போகணுமே" என்ற பதைப்பில் அலமாரியைத் திறந்தேன். பழைய வாந்தி சிரப் பாட்டில் ஒன்று பாதிக்கு மேல் இருந்தது. ஒரு ஸ்பூன் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து என் பெண், நான் கொடுத்தது தெரியாமல், அதே பாட்டிலிலிருந்து ஒரு ஸ்பூன் கொடுத்தாள். ராத்திரி குழந்தை மறுபடி குமட்டவே, சம்பந்தி மாமி தான் கொண்டு வந்த பாட்டிலிலிருந்து ஒரு ஸ்பூன். விடியற்காலை கிளம்பும்போது வழிக்கு ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று நான் மறுபடியும் ஒன்று. பாட்டில் வேறு, பெயர் வேறு, உள்ளே இருந்த மருந்து ஒன்றே: மெட்டோகுளோப்ரமைட்.

சித்தூரிலிருந்து திருப்பதி 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லாவாகி விட்டாலும் நமக்கு இரண்டும் ஒரு வீட்டின் முன்கட்டு, பின்கட்டு மாதிரிதான். திருப்பதி வந்து சேர்ந்தபோது குழந்தையின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக் கொண்டது. கண் இரண்டும் மேலே செருகின. நாக்கு வெளியே தள்ளியது. ஆனால் நினைவு இருந்தது. "தாத்தா, கழுத்து வலிக்கறது தாத்தா" என்று குழறினாள். சம்பந்தி மாமி திருஷ்டி என்றார். மாப்பிள்ளை வலிப்பு என்று பயந்து போனார். நான் பேச்சற்று நின்றேன்.

ஆஸ்பத்திரியில் வயசான டாக்டர் ஒருவர் குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஈ பாப்பக்கு வாந்தி மந்து எவரு இச்சாரு?" என்றார். இந்தக் குழந்தைக்கு வாந்தி மருந்து யார் கொடுத்தது என்று கேட்கிறார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம். அப்போதுதான் எங்களுக்கே கணக்குத் தெரிந்தது. ஊசி ஒன்று போட்டார். அரை மணியில் கழுத்து நேராகி, குழந்தை தண்ணீர் கேட்டாள். அவர் போட்ட ஊசி புரோமெதஸின். அதுவும் ஒரு வாந்தி மருந்துதான்! ஒன்று திருகியதை இன்னொன்று அவிழ்த்தது. மருந்து என்பது பெயரில் இல்லை, மூளையில் அது எந்தக் கதவைத் தட்டுகிறது என்பதில் இருக்கிறது என்று அன்று புரிந்தது.

அந்தக் கதவுகளைக் கொஞ்சம் பார்ப்போம்.

மூளையின் அடிப்பகுதியில் வாந்தியை நடத்தி வைக்கும் ஒரு கேந்திரம் இருக்கிறது. அதற்கு நாலு திசையிலிருந்து தந்தி வருகிறது. வயிறும் குடலும் கெட்ட ஆகாரத்தால் எரிச்சல் அடைந்தால் ஒரு தந்தி. ரத்தத்தில் விஷமோ, மருந்தோ, சிறுநீரகக் கோளாறினால் தேங்கிய கழிவோ இருந்தால் ஒரு தந்தி. உள் காதிலிருந்து ஒன்று. பயம், நாற்றம், தலைக்குள் அழுத்தம் இவற்றிலிருந்து ஒன்று. ஒவ்வொரு வழியிலும் செய்தி கொண்டு போகும் ரசாயனம் வேறு. ஹிஸ்டமின், டோபமின், செரடோனின் என்று பெயர். ஒவ்வொரு வாந்தி மருந்தும் இதில் ஏதோ ஒன்றை மறிக்கிறது. ஆகவே ஒருவருக்குப் பஸ் பிரயாணத்தில் கேட்ட மாத்திரை இன்னொருவருடைய வயிற்றுக் கோளாறுக்குக் கேட்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாந்தி என்பது வியாதி அல்ல, உடம்பு அனுப்பும் தகவல். ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மாவில் வமனம் ஒரு சிகிச்சையாகவே இருக்கிறது. கெட்டதை வெளியே தள்ளும் வேலையை உடம்பு செய்யும்போது, ஏன் செய்கிறது என்று கேட்காமல் வாயை மட்டும் அடைப்பது, ஆபீஸில் புகார் மனுவைப் படிக்காமல் ஃபைலை மூடுவது போலத்தான்.

குழந்தைகளுக்கு வருகிறேன். குழந்தைக்கு வாந்தி பேதி வந்தால் ஆபத்து வாந்தியில் இல்லை. நீரும் உப்பும் போவதில் இருக்கிறது. ஆகவே முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். 1971-ல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது மேற்கு வங்காளத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்து கொண்டிருந்த இடத்தில் அவர் பராமரித்தவர்களில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அளித்தார்கள். இன்று மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் அந்தப் பொட்டலத்தின் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை.

"கொடுத்தால் அதையும் வாந்தி எடுக்கிறதே" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரேயடியாக டம்ளரில் கொடுத்தால் எடுக்கத்தான் செய்யும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, பிறகு இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பாட்டி காலத்துச் சங்கு, பாலாடையே போதும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஒரு லிட்டர் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைக்க வேண்டும். கொஞ்சம் பொடியை டம்ளரில் தூவிக் கலக்கினால் அளவு கெட்டு விடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் உபயோகிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். பேதியும் இருந்தால் டாக்டர் ஜிங்க் மருந்தும் 14 நாள் எழுதுவார். பேதி நின்றதும் அதை நிறுத்தாமல் முழுவதும் கொடுக்க வேண்டும்.

கடையில் அழகான டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்று அச்சடித்து, உள்ளே சர்க்கரைப் பானம் விற்று வந்தார்கள். அதிகச் சர்க்கரை பேதியை அதிகப்படுத்தும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷம் தனியாகப் போராடினார். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சரியான சூத்திரப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனாலும் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று போட்டிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

அப்படியானால் குழந்தைக்கு வாந்தி மருந்தே கூடாதா? அப்படி இல்லை. ஆன்டான்செட்ரான் என்ற மருந்து முதலில் புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்காக வந்தது. வயிற்றுக் கோளாறில் ஓ.ஆர்.எஸ். உள்ளே தங்காத குழந்தைக்கு, எடை பார்த்து, டாக்டர் ஒரு வேளை இதைக் கொடுப்பதுண்டு. கரைசல் தங்குவதற்கு அது துணை, கரைசலுக்குப் பதில் அல்ல. அதிலும் தலைவலி, மலச்சிக்கல் உண்டு. பேதி சற்று அதிகமாகலாம். பிறவியிலேயே இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. ஆகவே போன தடவை எழுதிக் கொடுத்த மீதியை இந்தத் தடவை நாமாகக் கொடுக்கக் கூடாது. போன வருஷக் குழந்தையின் எடை வேறு, இந்த வருஷ எடை வேறு.

என் பேத்தி அவஸ்தைப்பட்டதற்கு மறு வருஷமே, 2013-ல், ஐரோப்பிய மருந்து ஏஜென்சி மெட்டோகுளோப்ரமைடுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஒரு வயசுக்குக் கீழ் கூடவே கூடாது. பெரிய குழந்தைகளுக்கும் கீமோதெரபி, ஆபரேஷன் இவற்றுக்குப் பிறகு வேறு மருந்து கேட்காவிட்டால் மட்டும். பெரியவர்களுக்கும் ஐந்து நாளுக்கு மேல் கூடாது. புரோமெதஸினை இரண்டு வயசுக்குக் கீழ் கொடுத்தால் மூச்சே மந்தமாகி விடலாம் என்று அமெரிக்காவில் 2004-ல் எச்சரித்தார்கள். டோம்பெரிடோனைப் பிரிட்டனில் 2019 முதல் 12 வயசுக்குக் கீழ் வாந்திக்குக் கொடுப்பதில்லை.

டோம்பெரிடோனில் நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம், சிரப்பில் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் என்று வருகிறது. பெயர் ஒன்றே, பலம் பத்து மடங்கு. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்து விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பூன் விஷயமும் அப்படியே. என் வீட்டில் 'டீ ஸ்பூன்' என்று நாங்கள் சொல்லும் நாலு ஸ்பூன்களை எடுத்து, ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து பார்த்தேன். ஒன்றில் 3 மில்லி பிடித்தது. ஒன்றில் 6 மில்லிக்கு மேல் பிடித்தது. மருந்தோடு வரும் மூடியையோ, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சையோதான் உபயோகிக்க வேண்டும்.

பால் குடித்த பின் சிசு கொஞ்சம் கக்குவது வியாதி அல்ல. எடை ஏறிக் கொண்டிருந்தால் தோளில் போட்டுத் தட்டினாலே போதும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தேனில் இருக்கக் கூடிய ஒரு கிருமி அந்த வயசில் விஷமாகும்.

அடுத்தது மலைப் பிரயாணம். 1944-ல் திறந்த பழைய பாதையில் இன்று இறங்குகிறோம், 1974-ல் வந்த இரண்டாவது பாதையில் ஏறுகிறோம். கண் பஸ்ஸின் உள்ளே பார்த்து "நாம் உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. உள் காது "சுற்றுகிறோம்" என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். ஆகவே முன் ஸீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும். குழந்தை கையில் போனைக் கொடுக்கக் கூடாது. கிளம்பும் முன் நெய் ஒழுகும் பொங்கலும் வேண்டாம், முழுப் பட்டினியும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

இதற்கான மாத்திரைகள் ஹிஸ்டமினை மறிப்பவை. நமக்குத் தெரிந்த அவோமின் இந்த வகை, அதில் இருப்பது புரோமெதஸின். பிரயாணத்துக்கு முன்பே போட்டுக் கொள்ள வேண்டும். குமட்ட ஆரம்பித்த பின் போட்டால் வயிற்றில் தங்கினால்தானே வேலை செய்யும்? தூக்கம் வரும், ஆகவே வண்டி ஓட்டுபவர் போட்டுக் கொள்ளக் கூடாது. வயசானவர்களுக்கு வாய் உலரும், தலை சுற்றி விழலாம், பிராஸ்டேட் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக் கொள்ளலாம், சில வகைக் கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. சளி மாத்திரை, தூக்க மாத்திரை இவற்றோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும்.

இரண்டாவது சம்பவம் பெரியவர்களைப் பற்றியது. இதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கஷ்டமாக இருக்கிறது. என் மனைவியிடம் அனுமதி கேட்டுக் கொண்டுதான் சொல்கிறேன்.

2021 ஆரம்பத்தில் அவளுக்கு வயிற்றுப் பிரட்டலும் புளித்த ஏப்பமுமாக இருந்தது. டாக்டர் பத்து நாளைக்கு ஒரு காப்ஸ்யூல் எழுதினார். நன்றாகக் கேட்டது. பத்து நாள் ஆனதும் நிறுத்தியிருக்க வேண்டும். "இது இல்லாமல் சாப்பாடு இறங்கலைன்னா" என்றாள். நானும் காலி அட்டையை எடுத்துப் போய்க் கடையில் காட்டி வாங்கிக் கொண்டே வந்தேன். பத்து நாள், பதினோரு மாதமாகி விட்டது. கருவூலத்தில் ஒரு ரூபாய்க்கு வவுச்சர் இல்லாவிட்டாலும் சிவப்பு மையில் அப்ஜெக்‌ஷன் எழுதியவன் நான். என் வீட்டில், என் கையாலேயே, சீட்டில்லாமல் பதினோரு மாதம் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

அந்த மார்கழியில் வாசலில் அவள் போட்ட கோலத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷமாக ஒரே இழுப்பில் போடும் கோடு, அலை அலையாக இருந்தது. "ஏன்னா, கை நம்ம பேச்சைக் கேக்க மாட்டேங்கறது" என்றாள். பிறகு நடை குறுகியது. முகத்தில் சிரிப்பு மறைந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் பார்க்கின்சன் என்றார்கள். நாங்களும் மனசைத் தயார் செய்து கொண்டோம். பெண்ணுக்குப் போனில் சொல்லும்போது என் குரல் எழும்பவில்லை.

வேலூரில் நரம்பு வைத்தியர் ஒருவரிடம் போனோம். அவர் கையைக் காலை அசைத்துப் பார்த்து விட்டு, "வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தும் இந்த மேஜை மேல் வையுங்கள்" என்றார். பையைக் கொட்டினேன். அந்தக் காப்ஸ்யூலை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைட் சேர்ந்திருந்தது. "இதை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்?" என்றார். சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "முதலில் இதை நிறுத்துவோம். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்றார்.

விஷயம் இதுதான். டோபமின் என்ற ரசாயனம் வாந்திக் கேந்திரத்தில் ஒரு வேலையும், கை கால் அசைவை ஒழுங்குபடுத்தும் இடத்தில் வேறொரு வேலையும் செய்கிறது. அதை மறிக்கும் மருந்து இரண்டு இடத்திலும் மறிக்கும். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் சட்டென்று கழுத்துத் திருகும். என் பேத்திக்கு நடந்தது அதுதான். வயசானவர்களுக்கு மெதுவாக, பார்க்கின்சன் போலவே நடுக்கமும் விறைப்பும் வரும். மெட்டோகுளோப்ரமைட், தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரஸின், லெவோசல்பிரைட் மூன்றும் இந்த ஜாதி. லெவோசல்பிரைட் அமெரிக்காவில் அனுமதி பெறாத மருந்து. நம் நாட்டிலோ 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் தாராளமாகப் புழங்குகிறது. இதனால் நடுக்கம் வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு நரம்பு வைத்தியர்கள் பல முறை எழுதியிருக்கிறார்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிறது, ஆனால் வாரங்களோ மாதங்களோ ஆகும். சிலருக்கு முழுவதும் போவதில்லை. மெட்டோகுளோப்ரமைடை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் வாய், நாக்கு தானாக அசையும் கோளாறு நிரந்தரமாகவே தங்கி விடலாம் என்று அமெரிக்காவில் 2009-ல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள்.

டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போவதில்லை, ஆகவே நடுக்கம் குறைவு. ஆனால் அது இருதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கும். அதன் ஊசி வடிவத்தை 1980-களிலேயே வாபஸ் வாங்கினார்கள். 2014-ல் ஐரோப்பாவில், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கூடாது என்றார்கள். அறுபது வயசுக்கு மேல் ஆபத்து அதிகம். கிளாரித்ரோமைசின், ஃப்ளூகொனசோல் போன்ற மருந்துகளோடு சேரக் கூடாது. நம்மில் எத்தனை பேர் காலையில் காபிக்கு முன் அமில மருந்தும் டோம்பெரிடோனும் சேர்ந்த காப்ஸ்யூலை வருஷக்கணக்கில் போட்டுக் கொள்கிறோம்? கை தூக்கச் சொன்னால் பாதி சபை தூக்கும் என்று நினைக்கிறேன். இன்றைக்கே அதை வீசி எறியுங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "இது இன்னும் வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

குமட்டலே ஒரு மருந்தால் வரலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இருதயத்துக்கான டிஜாக்ஸின், இப்போது பேசப்படும் எடை குறைக்கும் ஊசிகள் எல்லாம் குமட்டல் தரும். அதற்கு இன்னொரு மாத்திரை, அது தரும் நடுக்கத்துக்கு மற்றொரு மாத்திரை என்று போனால் முடிவே இல்லை.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. மசக்கை வாந்திக்கு என்று 1950-களின் கடைசியில் தாலிடோமைட் என்ற மருந்தை நிரபாயமானது என்று விற்றார்கள். கை கால் வளராமல் உலகில் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் வாபஸ் வாங்கினார்கள். அமெரிக்காவில் பிரான்செஸ் கெல்ஸி என்ற பெண் அதிகாரி, "ஆதாரம் போதாது" என்று ஃபைலைத் திருப்பித் திருப்பி அனுப்பியதால் அந்த நாடு பெரும்பாலும் தப்பியது. அரசாங்க உத்தியோகஸ்தரின் பிடிவாதமும் சில சமயம் உயிரைக் காக்கும்! இன்று மசக்கைக்கு டாக்ஸிலமினும் வைட்டமின் பி-6ம் சேர்ந்த மாத்திரை நீண்ட அனுபவம் உள்ளது. ஆனால் அதையும் டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். தண்ணீர் கூடத் தங்காவிட்டால் காத்திருக்கக் கூடாது.

மாத்திரையைத் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்களைச் சொல்கிறேன். பச்சை நிறத்திலோ ரத்தமாகவோ வாந்தி. தலையில் அடிபட்ட பின் வாந்தி. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, ஜுரத்தோடு வாந்தி. வயிறு உப்பித் தாங்க முடியாத வலி. குழந்தை ஆறு எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமல், அழுதால் கண்ணீர் வராமல், துவண்டு கிடப்பது. பெரியவர்களுக்குக் குளிர்ந்த வியர்வை, மார்பில் அழுத்தம், மூச்சுத் திணறலோடு குமட்டல். இது மாரடைப்பாக இருக்கலாம். முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு மார்வலி இல்லாமலே வரும். 'கேஸ்' என்று சொல்லி இரவைக் கடத்தாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

முடிவாக, எங்கள் வீட்டில் இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் விதிகள்:

1. குளிர்பதனப் பெட்டி மேல் ஒரு நோட்டு. யார், எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுதிய பிறகுதான் மூடியைத் திருகுவது.

2. அட்டையின் முன்பக்கப் பெயரைப் பார்ப்பதோடு சரி என்று விடாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படிப்பது.

3. டாக்டர் சொன்ன நாள் முடிந்ததும் மருந்தை நிறுத்துவது. வேண்டுமானால் புதுச் சீட்டு.

4. பாதி பாட்டிலை அடுத்த தடவைக்கு என்று வைத்துக் கொள்ளாதது. வீட்டில் எப்போதும் இருப்பது நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

5. எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்துப் போவது.

6. ஒவ்வாமல் போனால் சொல்வது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. 1800 180 3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் நோயாளிகளே தெரிவிக்கலாம்.

என் மனைவிக்கு மாத்திரையை நிறுத்தி மூன்று மாதத்தில் நடை திரும்பியது. ஐந்தாவது மாதம் நடுக்கம் நின்றது. மறு மார்கழியில் விடியற்காலை வாசலில் விளக்கைப் போட்டு நின்றேன். முதல் கோட்டை நிறுத்தாமல் இழுத்து முடித்து விட்டு நிமிர்ந்து, "என்ன ஆபீஸரே, ஆடிட் பண்ணறேளா?" என்றாள். "அப்ஜெக்‌ஷன் ஏதுமில்லை" என்றேன்.

எல்லோர் வீட்டிலும் அப்படியே க்ஷேமமாக இருக்க ஸ்ரீநிவாசனைப் பிரார்த்திக்கிறேன்.